சிஸ்டர் பெர்னதெத்தின் குதிரைகள்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தவக்காலம் முடிந்துவிட்டது, மடத்தில் மறுபடி கடிதம் வாங்குவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பைத் தவிர வேறு குறையில்லை. முப்பது வருடமாகப் பழகுநர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கார் ஓட்டப் பழக்குகிறவனுக்கு நாரி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

ஒரு புதினம் சொல்கிறேன். சிரிக்கக்கூடாது. நான் ஒரு குதிரைச் சோடிக்கு ஸ்பொன்சர் ஆகியிருக்கிறேன்.

சூதாட்டம் என்று மடத்தை நடத்தும் மதர் பயப்பட வேண்டாம். இவை ஓடுகிற குதிரைகள் அல்ல, பாரம் இழுக்கிற குதிரைகள். முன்பு வயல் உழுத சாதி. கிராமத்துக் கண்காட்சிகளில் இரண்டை ஒன்றாகப் பூட்டி, சில்லில்லாத இரும்புச் சறுக்கில் கொங்கிறீற் கட்டிகளை அடுக்கி, இருபது அடி இழுக்கவிடுவார்கள். இழுத்துவிட்டால் இன்னும் கட்டி ஏற்றுவார்கள். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் சோடிக்குத்தான் பரிசு. இந்த வருடத் தீனியும் லொறிப் பயணமும் என் பொறுப்பு. பதிலுக்கு ஒவ்வொரு முறையும் ஸ்பொன்சரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

எப்படி மாட்டினேன் என்று கேட்பீர்கள். விட்பிக்கு வடக்கே ஒரு கடையில் கோப்பி குடிக்கப் போனேன். அறிவித்தல் பலகையில், குதிரைகளுக்கு ஆதரவு தேவை என்று ஒரு துண்டு குத்தியிருந்தது. மரியோ என்ற இத்தாலியக் கிழவரின் பண்ணை. போய்ப் பார்த்தேன், பிடித்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

இங்கே எல்லோரும் சுகம். செபத்தில் எங்களை மறக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
யூட்சன்


யேசு மரி சூசை
தியான மடம், யாழ்ப்பாணம்
30 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி,

ஆண்டவர் உன் நாரியைக் காப்பாராக. என் முழங்கால் அதன் பாட்டில் முனகுகிறது, நான் என் பாட்டில் நடக்கிறேன்.

சிரிக்கக்கூடாது என்று எழுதினால் யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்? மாலை ஓய்வு நேரத்தில் மதர் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினார். பதினொரு சிஸ்டர்மாரும் தையலைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்த அடைப்புக்குள் வந்த பிறகு நாங்கள் யாரும் குதிரையைக் கண்டதில்லை. அவற்றின் பெயர் என்ன? ஆணா, பெண்ணா? இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகளா? ஒன்று இழுத்து மற்றது சும்மா நின்றால் என்ன செய்வார்கள்? சவுக்கால் அடிப்பார்களா? அடித்தால் நாங்கள் செபிக்க மாட்டோம் என்று சிஸ்டர் ஞானம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

இனி என் கேள்வி. இது சிஸ்டர்மாருக்குத் தெரியாது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். உன் மனைவி இறந்து ஆறு வருடம். வீட்டில் நீ ஒருவன்தானே, அந்த எல்லோரும் யார்? உன் மகள் ஸ்டெபனி மருந்தாளர் படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டுக் குதிரைப் பண்ணை வேலைக்குப் போனபோது நீ அவளுக்குச் சொன்னதை எனக்கு எழுதியிருந்தாய். "குதிரைச் சாணி அள்ளப் போறதெண்டால் இனி என்ரை பேரைச் சொல்லாதை." அது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. அதன் பிறகு உன் கடிதங்களில் அந்தப் பிள்ளை இல்லை.

ஒரு கோப்பிக்காக ஸ்காபரோவிலிருந்து விட்பிக்கு வடக்கே போகிற ஆள் இல்லை நீ. அது அவள் வேலை செய்யும் பண்ணைதானே?

அன்புடன் உனக்காகச் செபிக்கும்,
அக்கா


ஸ்காபரோ
20 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் மறைப்பதற்கு முதலில் நான் உங்களுக்குத் தம்பியாய்ப் பிறக்காமல் இருந்திருக்க வேண்டும். நான் சுகம். உங்கள் மடத்தில் அனைவரின் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

முதலில் சிஸ்டர்மாருக்குப் பதில். பெயர் பார்னி, பெர்ட். ஒரு தாய்ப் பிள்ளைகள் அல்ல. ஆனால் பெர்ட்டை இடது பக்கம்தான் நிறுத்த வேண்டும். மாற்றி நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்குமாம், ஒரு அங்குலம் அசையாதாம். ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் கிலோ. குளம்பு சோற்றுத்தட்டு அளவு. இரண்டும் ஆண். அதற்குமேல் ஒரு சத்திரசிகிச்சைக் கதை உண்டு, மதர் வாசிப்பார் என்பதால் விடுகிறேன். சவுக்கு கிடையவே கிடையாது. எடுத்தால் போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். கடிவாள வாரும் வாய்ச்சொல்லும் மட்டும்தான்.

கொளுவுவதுதான் பயங்கரம். மரியோ கடிவாளத்தோடு நிற்பார். இரண்டு உதவியாளர்கள் குதிரைகளுக்குப் பின்னால், சேணத்தோடு பிணைத்த கனத்த தடியொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அதிலுள்ள கொளுக்கியைச் சறுக்கின் வளையத்தில் போட வேண்டும். கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டதும் இரண்டும் பாயும். அந்தக் கணத்துக்குள் கையை எடுக்காவிட்டால் விரல் மிஞ்சாது. அதனால் கொளுவும்போது பார்க்கிற சனம் மூச்சுக் காட்டாது.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஸ்டெபனி.

ஓம் அக்கா, அதே பண்ணைதான். அவளுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் போனேன். இங்கே பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர்தான் பின்பெயர். யூட்சன் என்று சொன்னால் மரியோ உடனே பிடித்துவிடுவார். அவளுக்குத் தெரிந்தால் ஒரு மூட்டைத் தீனியும் என் கையால் வாங்கவிட மாட்டாள். ஸ்பொன்சர் பெயர் என்ன என்று அவர் பேனையும் கையுமாகக் கேட்டபோது அந்தரப்பட்ட அவசரத்தில் உங்கள் பெயர் வாயில் வந்துவிட்டது. இது இலங்கையில் துறவியாய் இருக்கும் என் அக்காவின் ஆசை என்றேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இப்போது லொறியில் பெரிய எழுத்தில் உங்கள் பெயர்தான் எழுதியிருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

யூட்சன்


யேசு மரி சூசை
தியான மடம்
12 யூன் 2024

தம்பி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் சுகமாய் இரு.

உலகமே வேண்டாம் என்று நாற்பது வருடத்துக்கு முன்பு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தவளை நீ ஒரு லொறியில் ஏற்றிக் கனடா முழுக்கச் சுற்றப்போகிறாய். என் ஆசை என்று வேறு சொல்லியிருக்கிறாய். எனக்கு என்ன ஆசை இருக்கிறதென்று உனக்கு யார் சொன்னது? மதரிடம் போய் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை எழும்பச் சொன்னார். பிறகு, பெர்ட் இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டார். இந்த மடத்தில் ஒழுங்கு கெட்டுப்போனதற்கு நீதான் காரணம்.

சிஸ்டர்மார் தினமும் செபமாலையின் கடைசியில் குதிரைகளுக்காகவும் கொளுவுகிற பிள்ளையின் விரல்களுக்காகவும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை யாரென்று மதரும் நானும் மட்டும்தான் அறிவோம்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள். நான் பொய் சொல்ல மாட்டேன். ஸ்டெபனி என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். அதற்கு முன்னர் நீயே போய் அவளிடம் சொல்.

உன் அக்கா


மரியோவின் பண்ணை, விட்பிக்கு வடக்கே
3 யூலை 2024

அன்புள்ள மாமிக்கு,

நான் ஸ்டெபனி. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? நான் நல்ல சுகம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஃபோனில் டைப் பண்ணித்தான் பார்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டாம், பிளீஸ்.

கனடா தினத்தில் எங்களுடைய முதல் போட்டி. முதலில் மரியோவின் பெயரைச் சொன்னார்கள், பிறகு என் பெயரை. அதற்குப் பிறகு, ஸ்பொன்சர் இலங்கையைச் சேர்ந்த சிஸ்டர் பெர்னதெத் என்றார்கள். நான் தடியை அப்படியே கீழே போட்டுவிட்டேன். லொறியில் புதுப் பெயர் எழுதியதைப் பார்த்தேன், ஆனால் வேறு யாரோ சிஸ்டர் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சிஸ்டர் பெர்னதெத் நீங்கள்தான்.

மாமி, உங்களிடம் காசு எங்கால? சொந்தமாக ஒரு செருப்புக்கூட வைத்திருக்கக் கூடாது என்று சின்ன வயதில் அப்பா சொல்லியிருக்கிறார். சிஸ்டரின் தம்பி வந்தார், நல்ல மனிதர், பேர் சொல்லவில்லை என்கிறார் மரியோ. உங்களுக்கு எத்தனை தம்பிமார்?

நாங்கள் மூன்றாவதாக வந்தோம். பார்னியின் தலையைத் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணல் அதனால்தான்.

அன்புடன்,
ஸ்டெபனி யூட்சன்


யேசு மரி சூசை
தியான மடம்
24 யூலை 2024

அன்புத் தம்பி,

நீ சுகமா என்று கேட்கிறேன், உண்மையாகவே கேட்கிறேன்.

ஸ்டெபனி எழுதியிருக்கிறாள். அவள் கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியில் கையெழுத்தைப் பார். உன் பெயரைச் சொல்லாதே என்று நீ சொன்னாய். அவள் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் இன்னும் பதில் போடவில்லை. செப்ரெம்பர் எட்டு மாதாவின் பிறந்தநாள். அன்றுவரை பொறுப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த அதே மாதம் நான் மடத்துக்குள் வந்தேன். அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். அது உனக்குத் தெரியும். ஒருநாளும் பார்க்க வரவில்லை என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அவர் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வெளிக் கோவிலுக்குப் பூசைக்கு வந்தார். கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு வெளியே இருப்பவர்களின் முகம் தெரியாது. ஆனால் எங்கள் அப்பா அமிர்தநாதரின் இருமல் எனக்குத் தெரியாதா? பூசை முடிந்ததும் சந்திப்பு அறையின் மணியை யாராவது இழுப்பார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். ஒன்பது வருடம் இருந்தேன். மணிக்கயிறு அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு ஞாயிறு இருமல் கேட்கவில்லை. புதன்கிழமை செய்தி வந்தது.

நான் அவரைக் கோபிக்கவில்லை என்று நாற்பது வருடமாகச் செபித்திருக்கிறேன். இன்றைக்கும் கோபமாகத்தான் இருக்கிறது. நீ அந்த மனிதரின் மகன், யூட்சன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஸ்காபரோ
17 ஓகஸ்ட் 2024

அக்கா,

சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கனடா தினத்தன்று நானும் அங்கே இருந்தேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே கடைசி வரிசையில் இருந்தேன். ஸ்டெபனி யூட்சன் என்று ஒலிபெருக்கி சொன்னபோது என்னைத்தான் கூப்பிட்டார்களாக்கும் என்று எழும்பிவிட்டேன். கொளுவி முடித்ததும் அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். அது அவர்களுடைய வழக்கம், கை வெளியே வந்துவிட்டது என்று மரியோவுக்குக் காட்டுவது. நான் பத்து விரலையும் எண்ணினேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே நானும் பின்வரிசையில் இருந்து இருமிவிட்டுப் போனவன்தான். உங்கள் கடிதத்தை வாசித்தபின் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

இந்த மாதம் முப்பத்தோராம் தேதி அடுத்த போட்டி. முன்வரிசையில் இருப்பேன். முடிந்ததும் போய்ச் சொல்லுவேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்நிய ஆட்களுக்கு நாள் முழுக்க வாய் ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு ஒரு வசனம் வருகுதில்லை.

செபியுங்கள்.

யூட்சன்


மரியோவின் பண்ணை
4 செப்ரெம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

சுகமா? நான் சுகம், விரல்களும் சுகம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று வாசிக்க விளங்கும்.

நீங்கள் பதில் போடவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் கொடுத்த காசு என்றால் ஓம் என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள்.

சனிக்கிழமை போட்டியில் நாலாயிரம் கிலோ ஏற்றியிருந்தது. நாங்கள் இதுவரை இழுக்காத பாரம். நான் கொளுக்கியோடு குனிந்தேன். இரண்டாயிரம் பேரும் மௌனம். அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு ஆள் "பிரேக்! பிரேக் அடி!" என்று தமிழ்க் குரலில் கத்தினார். பார்னி வெருண்டு பக்கவாட்டில் பாய்ந்தது, கொளுக்கி வளையத்தில் விழவே இல்லை, மரியோ வாரோடு நிலத்தில் இழுபட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா எழும்பி நின்றுகொண்டு வலது காலால் முன்னாலிருந்த பலகையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். பழக்குகிற காரில் அவர் பக்கத்தில் இருக்கும் பிரேக்கை மிதிக்கிற மாதிரி. எனக்கும் அப்படித்தான் பழக்கினார். சிவப்பு விளக்கு வர முதலே மிதித்துவிடுவார். மாமி, பார்னி அசைந்ததுமே நான் கையை எடுத்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாக. ஒரு பக்கம் மரியோ மண்ணில் இருக்கிறார், எனக்குச் சிரிப்பு. அப்பாவுக்குக் கையைக் காட்டப் போனேன். அதற்குள் அவர் படிகளில் இறங்கி ஓடிவிட்டார். கார் நிறுத்துமிடம் வரைக்கும் பின்னால் ஓடினேன். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

சத்தம் போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. போனதற்குத்தான். வீட்டை விட்டு நான் போனதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அன்றைக்கும் அவர்தான் முதலில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மரியோவுக்குத் தோளில் உரசல் மட்டும்தான். நடுவர் அதைத் தோற்ற தரமாகக் கணக்கெடுத்தார். ஒவ்வொரு பாரத்துக்கும் மூன்று தரம் இழுத்துப் பார்க்கலாம். மிச்ச இரண்டு தரமும் பார்னியின் மனம் ஒத்துழைக்கவில்லை. ஐந்தாவதாக வந்தோம்.

இதை அவருக்குச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் ஃபோன் பண்ண மாட்டேன்.

ஸ்டெபனி யூட்சன்


யேசு மரி சூசை
தியான மடம்
1 ஒக்ரோபர் 2024

தம்பி,

சுகமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதமில்லை.

மாதாவின் பிறந்தநாளும் போய்விட்டது, நான் இன்னும் பிள்ளைக்குப் பதில் எழுதவில்லை, அது உன் வேலை. நடந்ததை ஸ்டெபனி எழுதினாள். நீ பெரிய குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறாய். அவள் சிரித்தாளாம். உன் பின்னால் கார் நிறுத்துமிடம் வரைக்கும் ஓடிவந்தாளாம். நீ கண்ணாடியில் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். ஓட்டப் பழக்குகிறவன் செய்கிற வேலையா இது?

குதிரைக்கே மூன்று தரம் கொடுக்கிறார்கள். நீ ஒன்றை முடித்திருக்கிறாய். மணியை இழு, யூட்சன். அவள் உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். எனக்கு அது எப்படியென்று தெரியும்.

அக்கா


ஸ்காபரோ
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மடத்தில் எல்லோரும் சுகமா? உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன், மதரிடம் கேட்டுப் பூசுங்கள். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அந்தக் கிழமையே பண்ணைக்குப் போனேன். அவள் தொழுவ வாசலில் நின்றாள். "உந்தக் காசு குடுத்தது நான்தான் பிள்ளை" என்றேன். வழியெல்லாம் பாடமாக்கிய மிச்சமெல்லாம் மறந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்னியின் பக்கம் திரும்பி, "கேட்டியோ?" என்றாள். பிறகு சுவரில் சாத்தியிருந்த, அள்ளுகிற சவளை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

சாணி அள்ளினேன் அக்கா. மணித்தியாலக் கணக்கில் அள்ளினேன். நான் அன்று என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு சவளுக்கும் நினைவு வந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அன்றும் அவள் குதிரைகளோடுதான் கதைத்தாள். ஆனால் வாசலில் எனக்கென்று ஒரு சோடி றப்பர் சப்பாத்து வைத்திருந்தது, என் அளவில்.

நேற்று மூன்றாவது சனி. போட்டிகள் முடிந்தாலும் குதிரைகளுக்கு உடம்பு விட்டுப்போகாமல் சறுக்கை இழுக்க விடுவார்கள். கொளுவுகிற மற்றப் பையனுக்குக் காய்ச்சல். மரியோ என்னைப் பார்த்துத் தடியின் மற்ற முனையைக் காட்டினார். அவள் மரியோவை முறைத்தாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கினேன். என்ன பாரம்! அவள் இதை நாள் முழுக்கத் தூக்குகிறாள். இரண்டு பேரும் குதிரைகளின் பின்னால் ஓடினோம். பெர்ட்டின் வால் என் முகத்தில் அடித்தது. வளையத்தைக் கண்டேன், கொளுக்கியைப் போட்டேன். சத்தமும் கேட்டது. ஆனால் என் கை கொளுக்கியை விடவில்லை. பயத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, கையை எடுங்கோ!"

எடுத்துவிட்டேன். குதிரைகள் போய்விட்டன. நான் பனிக்குள் குந்திவிட்டேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விசரே உங்களுக்கு? விடச் சொன்னால் விட வேணும்! நான் எத்தினை தரம் கத்துறது?" என்று ஏசினாள். ஒரு தரம்தான் கத்தினாள். நான் திருத்தவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. திறக்காமலே அழுதுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் என் காதில் விழாத சொல் அந்த அப்பா. இன்னும் என்னை மன்னித்தாளா தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு மற்றக் கையையும் நீட்டினேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதையும் பிடித்துப் பார்த்தாள்.

உங்கள் தம்பி,
யூட்சன்